ஆமையா, நரியா?

“இடுப்புல கை வைக்காத மாப்ள. மேஸ்திரி இந்தப் பக்கம்தான் பாக்குறாரு.”

மச்சான் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டான் குச்சி. நான்கு நாளாக அந்த இடத்தில் ஆணி வைத்து அடிப்பது போல் வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் மேஸ்திரி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: நாளையிலிருந்து வராதே.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலையின் பாய்லரை அணைப்பார்கள். ஆறியதும் ஒருவன் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய், குழாய்களில் கல்லாய்ப் படிந்த உப்பை உளியால் சுரண்டவேண்டும். இரண்டு மணி நேரம் கூனிக் கிடக்கவேண்டும். இன்னொருவன் வாசல் துளையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரண்டு வேலைக்கும் இவர்கள் இரண்டு பேர்தான். அக்காளின் கணவரும், அக்காளின் தம்பியும்.

“பேசாம நானே இறங்கிடறேன்டா.”

“வேணாம். காலைலயும் இதையேதான் சொன்னீங்க. பாவம் பாத்து எனக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். அப்புறம் அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஆடுவோம். தோத்தவன் உள்ள.”

“ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்ல,” என்று மச்சான் போனை எடுத்தார்.

பாய்லர் ஆறும்வரை இருவரும் போனில் ஆடுவது மிருகப்போர். முதல் பாகம் வந்ததிலிருந்து ஆறு வருடமாக ஆடுகிறார்கள். எது எதை அடிக்கும், எது எதைத் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். போன வாரம் நான்காம் பாகம் வந்தது. வந்த கையோடு அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டுவிட்டது.

குச்சிக்கு அது அடிபட்டுத்தான் தெரிந்தது. முகம் தெரியாத எவனோ ஒரு பேயை விட்டு அவனுடைய இரும்புக் காளையை ஒரே அடியில் சாய்த்தான். முன்பெல்லாம் இரும்பின் மேல் பேயின் அடி பாதிகூட ஏறாது. இப்போது முழுசாக இறங்குகிறது. மூன்று நாள் உட்கார்ந்து பழசை மறந்து, புதுசை மனப்பாடம் செய்தான். இன்னும் விரல் பழைய வழியில்தான் ஓடுகிறது. இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

மச்சானுக்கு இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், போனில் வருகிற அறிவிப்பைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். சொல்லிவிடவேண்டும் என்று குச்சி காலையில் நினைத்தான். இடுப்பு சொல்லவிடவில்லை.

மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு மிருகம். முதலாவதில் மச்சானின் நெருப்புக் கோழி ஜெயித்தது. இரண்டாவதில் குச்சியின் மழைப்பாம்பு. ஜெயித்தவன்தான் அடுத்ததில் முதலில் இறக்கவேண்டும். எதிராளி அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை விடுவான்.

குச்சி பேய் வௌவாலை இறக்கினான்.

மச்சானிடம் மிச்சமிருந்தவை இரண்டு. முதல் பாகத்திலிருந்து வளர்க்கும் இரும்பாமை. இன்னொன்று காட்டு நரி. பழைய கணக்கில் பேய்க்கு எதிரே ஆமைதான் சரி, நரி நடுங்கி ஓடும். புதுக் கணக்கில் நரி பேயைத் தின்றுவிடும். ஆமை செத்துப்போகும்.

மச்சானின் கட்டைவிரல் நரியின் மேல் போய் நின்றது.

குச்சி அதைப் பார்த்துவிட்டான். “என்ன மச்சான், அதையா விடப்போறீங்க?”

“ஏன், விடக்கூடாதா?”

“தாராளமா விடுங்க. சிரிக்கறதுக்கு நானாச்சு.”

மச்சான் அவனை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். சுவரில் முட்டுக்கொடுத்து நின்றிருந்த குச்சி சட்டென்று நேராக நின்றான். சுளீரென்றது. பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தான்.

“அதானே, பேய்க்கு நம்ம ஆமைதான்.” விரலை நகர்த்தி அழுத்தினார்.

வௌவால் ஒருதரம் சிறகடித்தது. ஆமை மல்லாந்தது.

“அடப்பாவி! இரும்புக்கு என்னடா ஆச்சு?”

“புதுப் பாகத்துல மாத்திட்டாங்க மச்சான். இனிமே இரும்பு பேயைத் தாங்காது.”

“தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தியா?”

“நீங்க கேக்கலையே.”

“பொழைச்சுக்குவடா நீ.”

மேஸ்திரி விசில் ஊதினார். “ஆறிடுச்சு! யாருய்யா உள்ள?”

“நான்தான்.” மச்சான் சட்டையைக் கழற்றிக் குச்சியின் தோளில் போட்டார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு துளைக்குள் தலையை விட்டார். தோள் போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியாகப் பாதமும் போயிற்று. உள்ளேயிருந்து உளிச்சத்தம் கேட்டது. கூடவே இருமல்.

கயிற்றைப் பிடித்தபடி நின்றான் குச்சி. ஜெயித்ததில் ஒரு துளி சந்தோஷமில்லை. சொந்த மச்சானையே ஏமாற்றி அந்தச் சூட்டுக்குள் அனுப்பியாயிற்று.

தோளிலிருந்து சட்டை நழுவிக் கீழே விழுந்தது. பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்று வெளியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து எடுத்தான். பலமுறை பிரித்துப் படித்ததில் மடிப்புகள் கிழிந்திருந்தன. அக்காளின் கையெழுத்து, கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது.

‘புதுக் கணக்கு. பேய் வந்தால் ஆமையை விடாதீங்க. நரியை விடுங்க.’

உள்ளே உளிச்சத்தம் நிற்கவேயில்லை. பாய்லருக்குள் இரண்டு மணி நேரம், குச்சி மச்சானுக்குத் தரவேண்டிய பாக்கி.