ஆர்லீனின் பிரேக்

"ஏன்க்கா, ஒரு காருக்கு எத்தனை தடவைதான் பிரேக் பாப்பே?" என்று தங்கை ஒருமுறை கேட்டபோது ஆர்லீன் பேச்சை மாற்றிவிட்டாள்.

இன்று நான்காவது தடவையாக அவளுடைய அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார், அமெரிக்காவின் ஓஹாயோவில் மெக்கானிக் வெண்டலின் பட்டறையில் சக்கரங்கள் கழற்றப்பட்டு நின்றது.

"மறுபடியும் பிரேக் பெடல் தரையைத் தொடுதா?" அடுத்துக் காத்திருந்த ஃபிளாய்டு சிரித்தார். "வெண்டல், உனக்கு வயசாயிடுச்சுப்பா!"

வெண்டல் சிரிக்கவில்லை. இரண்டு சக்கரங்களின் பிரேக் டிரம்முக்குள்ளிருந்தும் எடுத்த, பிரேக்கை இறுக்கும் திருகுகளைக் காட்டினார்.

"இடது சக்கரத்துது வலதுல, வலதுல இருக்கவேண்டியது இடதுல. ரிவர்ஸ் எடுத்து பிரேக் போடும்போதெல்லாம் பிரேக் தானா இறுகணும். மாத்தி மாட்டினதால இது தளர்ந்துக்கிட்டே போகுது. நாப்பது வருஷத்துல நான் இப்படி மாட்டினதே இல்ல, ஆர்லீன். இனிமே யார் உயிரோடயும் விளையாடக் கூடாது. இந்த வாரத்தோட கடையை மூடிடுறேன்."

ஆர்லீன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க. நீங்க சரியாத்தான் மாட்டுனீங்க. வீட்டுக்குப் போய் மாத்தினது நான்."

"நீங்களா? உங்களுக்கு டிரம் கழட்டத் தெரியுமா?"

"பிரேக் ஃபேக்டரியில இருபது வருஷம் இந்தத் திருகைத்தான் மாட்டினேன்." அவள் முகம் சிவந்தது. "கார் சரியா ஓடினா, என்னத்தைச் சொல்லிட்டு நான் இங்க வர்றது?"

வெண்டலின் கையிலிருந்த திருகு ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"காபி குடிக்க வந்தேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஃபிளாய்டு தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவில் தொங்கிய பலகையை 'கடை மூடியிருக்கிறது' என்று திருப்பி வைத்துவிட்டு வெளியேறினார்.