இரண்டு வாரக் கணக்கு

"ஒரு ரெண்டு வாரம் குறைச்சுச் சொல்லுங்க டாக்டர்."

ஸ்கேன் கட்டிலில் மல்லாந்து கிடந்தவள் உதடு அசையாமல் சொன்னாள். அவள் வயிற்றின்மேல் நகர்ந்துகொண்டிருந்த டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. எடையைக் கூட்டிச் சொல்லச் சொன்னவர்கள் உண்டு. வயிற்றுக்குள் இருப்பதன் வயதைக் குறைக்கச் சொன்னவள் இவள்தான்.

"எதுக்கும்மா?"

"அவர் மலைமேல அணைக்கட்டு வேலையில கிரேன் ஓட்டறவர். ஜூன் கடைசியிலதான் ஊருக்கே வந்தார். ஜூன் ரெண்டாவது வாரம் அவங்க அண்ணன் செத்ததுக்குக்கூட நேரத்துக்கு வந்து சேர முடியல."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குழந்தை, கையைக் காலை உதறிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து புட்டம் வரை கோடு இழுத்தார். பன்னிரண்டு வாரம்.

"இதுக்குப் போய் பயந்தியா? நாங்க கடைசி மாதவிலக்குலேர்ந்து எண்ணுவோம். கரு தங்கறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. பன்னெண்டுன்னா நிஜத்துல பத்துதான்."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அணைந்தும் போனது.

"பத்தா? எட்டு ஆகாதா டாக்டர்?"

"ஆகாது. பிறக்கிறப்பதான் ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி. இந்த வயசுல எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் வளரும். மிஞ்சிப் போனா நாலஞ்சு நாள் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்."

தலைமாட்டில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் ஒளிர்ந்த புருஷன் முகத்தைக் கண்டதும் அவள் தேள் கொட்டியதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அது அடங்கி, மறுபடி அதிர்ந்தது.

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் இல்லாத புருஷன், வயிற்றில் பிள்ளை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"வெளியில உக்காந்திருக்கிறது யாரு?"

"என் ஓரகத்தி. செத்துப்போன அண்ணனோட சம்சாரம். நானும் வரேன்னு கூடவே வந்துட்டாங்க."

பேர் சொல்லி அழைத்ததுபோல் கதவு திறந்தது. மூத்தவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமல் சுவரோரம் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பல நாள் தூங்காத முகம்.

"முடிஞ்சுதா டாக்டர்? எப்ப தரிச்சதாம்?"

"அதை உங்ககிட்ட ஏம்மா சொல்லணும்? பேஷன்ட் அவங்க."

"கோவிச்சுக்காதீங்க. இவ தங்கம் டாக்டர். வேத்து ஆம்பளையை நிமிர்ந்து பாக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கிறேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "என் வீட்டுக்காரர் குடோன்ல செத்துக் கிடந்ததுலேர்ந்து வீடும் போலீஸ் ஸ்டேஷனுமா அலையறேன். ஒரு சேதியாவது உருப்படியா கேக்கணுமில்ல."

பேச்சில் தேன், பார்வையில் கத்தி என்று நினைத்துக்கொண்டார் டாக்டரம்மா. வாரக் கணக்கை வாயிலேயே எடுக்கக் கூடாது. வந்தவளை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் போதும்.

"குழந்தை நல்லா இருக்கு. மார்ச் முதல் வாரத்துல பிரசவம். போதுமா? இனிப்போட வாங்க."

கட்டிலில் கிடந்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தான் செய்த தப்பு அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு உறைத்தது. மூத்தவளுக்குப் பின்னோக்கி எண்ணத் தெரியாதா?

மூத்தவள் விரலை மடக்கினாள். மார்ச், பிப்ரவரி, ஜனவரி. ஜூன் தொடக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. ஓரகத்தியை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"மெதுவா எந்திரிச்சு வா," என்றாள் மூத்தவள். "எனக்கு ஒரு போன் பண்ணணும்."

கதவு சாத்திக்கொண்டது. கட்டிலில் இருந்தவளின் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. டாக்டரம்மா அவள் வயிற்றைத் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடினார்.

"பயப்படாதேம்மா. யாரு என்னன்னு நான் கேக்கப்போறதில்ல. உன் புருஷனை வரச்சொல்லு, நானே பேசிப் பாக்கறேன். மிஷின் கணக்கு முன்னப்பின்ன இருக்கும்னு சொல்றேன். அடி உதைன்னு வந்தா போலீஸ் இருக்கு."

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல டாக்டர். குழந்தை அவரோடதுதான்."

"அவரோடதா? அப்புறம் எதுக்கு இப்படி நடுங்கறே?"

வெளியே நடையில் மூத்தவளின் குரல் கேட்டது. யாரையோ "ஐயா, ஐயா" என்று அழைத்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்தவள் அந்தக் குரலையே கேட்டபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவங்க அண்ணனைக் கொன்ன ராத்திரி அவர் ஊர்லயே இல்லன்னு, போலீஸ்ல நான்தான் சத்தியம் பண்ணியிருக்கேன்."