எத்தன நாளா குளிக்கல?

ராயபுரத்துத் தாய்சேய் விடுதியின் சன்னலில் காலை வெயிலும் கருவாட்டு வாசமும் சேர்ந்தே வருகின்றன. ஸ்டூல் நுனியில் நீலா உட்கார்ந்திருக்கிறாள். வயது பதினெட்டு, கல்யாணமாகி ஆறு மாசம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் ரோஸ்மேரி, பேனாவை மையில் தோய்த்தபடி கேட்கிறாள்: “எத்தன நாளா குளிக்கல?” நீலாவுக்குச் சுருக்கென்கிறது. “இன்னா நர்சம்மா, என்னியப் பாத்தா கலீஜாவா கீது? காத்தாலதான் சோப்பு போட்டுக் குளிச்சேன்!” ரோஸ்மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்தக் குளியல் இல்லம்மா. வீட்டுக்குத் தூரமாகி எத்தன நாளாச்சு?” நீலா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்துகிறாள். அந்த மூன்று நாளும் வலையைத் தொடக் கூடாது, மீன்கூடையைத் தூக்கக் கூடாது. வயசுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் லீவு. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில், “தீட்டாவது இன்னாவது, கல்லப் போடுடி” என்கிற சிநேகிதி குப்பம்மாவோடு பொழுது சாயும்வரை அஞ்சாங்கல். உள்ளங்கையில் அந்தக் கூழாங்கல்லின் சூடு இப்போதும் தெரிகிறது. கடைசியாக ஆடியது மாசி மகத்துக்கு முந்தின நாள். சித்திரையே பாதி போய்விட்டது. “அதுக்கப்பால கல்லையே தொடல, நர்சம்மா.” இப்போது விழிப்பது ரோஸ்மேரி. நீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். “முழுகாம கீறேனா நானு? அத்தத்தான் கேட்டியா?” சிரிப்பு பாதியிலேயே நிற்கிறது. “ஐயோ, குப்பம்மா இனிமே யாரோட ஆடுவா?”