எட்டுப் பேர் பாரம்

மூன்றாவது சனிக்கிழமையும் அவர் வந்தார். அதே லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரின் சூட்டை அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதை நம்பக் கூடாது, புறங்கைதான் உண்மையைச் சொல்லும் என்று முதல் வாரமே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

விளையாட்டுக்கென்றே வரும் லேப்டாப்களில் எங்கள் கடையில் விலை குறைந்தது அதுதான். குறைகளை நான் மறைக்கவில்லை. திரை கொஞ்சம் மங்கல். ஸ்பீக்கர் தகர டப்பா. சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வாங்குவார்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

“காலி லிஃப்ட் எப்பவும் நல்லாத்தான் ஓடும்மா. எட்டுப் பேரை ஏத்தினாத்தான் அதோட குணம் தெரியும்.”

எட்டுப் பேரை ஏற்றுவது என்றால், அவருடைய மகன் ஆடும் விளையாட்டை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்ப்பது. நாலு பேர் ஓர் அணி. இடிந்து கிடக்கும் ஒரு நகரத்தைக் கடந்து ஆற்றின் மறுகரைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் குண்டு விழும்.

மகனைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவிட்டார். பதினாறு வயது. அம்மாவோடு வேறு வீட்டில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் இவரிடம் வந்து இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. எட்டு மாதமாக வரவில்லை.

“தப்பு என்னுதுதான். நான்தான் அவங்களை விட்டுட்டு வந்தேன்” என்றார், யாரும் கேட்காமலே.

இது ஒழுங்காக ஓடினால் சனிக்கிழமைகளில் மகனோடு இருக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தூண்டிலில் புழு கோக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். புழு விற்பதில் எனக்கென்ன நஷ்டம்?

ஆனால் மூன்றாவது வாரம் எனக்கே பொறுமை போய்விட்டது. கேஷியர் அக்கா வேறு அவர் தலை தெரிந்ததும், “உன் மாமனார் வந்தாச்சு, காபி போட்டுக் குடு” என்று சத்தமாகச் சொன்னாள். மேனேஜர் சிரிக்கவில்லை. காட்சிக்கு வைத்த லேப்டாப்பில் எழுத்துகள் தேய ஆரம்பித்திருந்தன.

ஆட்டமாவது நன்றாக ஆடுவாரா என்றால் அதுவும் இல்லை. முதல் வாரம் அந்த நகரத்தின் வாசலைத் தாண்டும் முன்பே செத்துப்போனார். இரண்டாவது வாரம் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தார், அதுவும் ஆறு தடவை. கம்பிவடம் இழுத்துப் பழகிய விரல், ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழுத்தும்.

லேப்டாப்பின் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டாரா, கிராபிக்ஸ் திணறுகிறதா என்று பார்த்தாரா, ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தார்.

இன்று வாசலைத் தாண்டினார். சந்தைத் தெருவைத் தாண்டினார். கூட வந்த ஒருவன் அடிபட்டு விழுந்தபோது திரும்பி ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். நாற்பது நிமிடம். பாலத்தில் கால் வைத்ததும் கேஷியர் அக்காவும் எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

மறுகரை.

நான் நிஜமாகவே கை தட்டிவிட்டேன்.

“வாங்கிக்கறேம்மா” என்றார். சட்டையெல்லாம் வியர்வை.

புதுப் பெட்டியைப் பிரித்து அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தேன். கீபோர்டு, கேமரா எல்லாம் முடிந்தது. கடைசியில் மைக்.

“ஏதாவது பேசுங்க சார், பதிவாகுதான்னு பாக்கலாம்.”

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வாயே திறக்கவில்லை. பதிவாவதைக் காட்டும் பச்சை விளக்கு அணையும்வரை காத்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“இதை ஒரேயடியா நிறுத்திட முடியுமாம்மா? தெரியாம கை பட்டாக்கூட வேலை செய்யக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மைக் இல்லாம உங்க பையன் கூட ஆடறவங்களோட எப்படி சார் பேசுவான்?”

“அவன்கிட்ட இதைவிட நல்லதாவே இருக்கும்மா. அவங்கம்மா வாங்கிக் குடுத்திருக்காங்க. இது எனக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சனிக்கிழமையானா அவன் இதுலதான் உக்காந்திருப்பான். அவன் அணியில ஒரு ஆள் குறையுதுன்னு அவங்கம்மா சொன்னாங்க. யாரு வந்தாலும் சேத்துக்கறான், ஆனா சரியா ஆடலேன்னா வெளிய தள்ளிடறான். நான்தான்னு தெரிஞ்சா அவனே எழுந்து போயிடுவான். என் குரல் அவனுக்குத் தெரியும்.”

மூன்று வாரமாக இவரை வைத்துச் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. கேஷியர் அக்கா பில் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், அதில் ஒன்றும் எழுதவில்லை.

மைக்கைச் செட்டிங்ஸில் போய் நிறுத்தினேன். அது போதாதென்று மைக்கின் சின்னத் துளையின் மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டினேன்.

விளையாட்டு திறந்ததும் திரையில் பெயர் கேட்டது.

அவர் ஒரு விரலை நீட்டி, எழுத்துகளின் மேலேயே சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாறு வயசுப் பையன்னா என்ன பேரும்மா வெச்சுப்பான்?”