இரண்டு மணைகள்

பூங்கோதை தனியாளாக வாங்கிய வீட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். "தம்பதியா உக்காந்தாத்தான் ஹோமம் பலிக்கும். கல்யாணமே வேண்டாம்னவ மணையில உக்காரலாமா?" என்று பெரியப்பா ஓமகுண்டத்தின் முன் வழிமறித்து நின்றார். குடும்ப கௌரவத்துக்காகத் தானே ஜோடியாக உட்காரவும் முன்வந்தார். "உங்க பெரியம்மாவ வரச்சொல்லு" என்று பூங்கோதையிடம் சொன்னார். பெரியம்மா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். பதினோரு வருடமாகக் கணவன் மனைவி இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பூங்கோதை அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு மணையில் உட்கார்ந்தாள். "நல்ல நேரம் முடியப்போகுது சாமி, ஆரம்பிங்க" என்றாள். ஐயர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் முகத்தையே பார்த்தார்.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இன்னொரு மணையில் சம்மணமிட்டாள். "அந்தத் தீப்பெட்டிய இப்படிக் குடுங்க" என்றாள்.