ஆற்றின் பக்கம்

அவள் திரும்பிப் பார்த்தபோது லாட்ஜ் மேனேஜர் பெரியண்ணன் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

கையில் விரித்த குடை. மழை இல்லை. வெயிலும் தணிந்துவிட்டது.

அவள் பார்த்ததும் அவர் பாலத்தைப் பார்த்தார்.

மத்தியானம் கோரைப்பாய் கடையில் நின்றபோதும் எதிர்ப்புறம் அவருடைய மொபெட் நின்றது. வாழைத்தார் ஏலம் பார்த்துக்கொண்டிருந்தபோதும்.

இருபத்தாறு வருடம், வாராவாரம், வேலை பார்த்த ஊருக்கும் வீட்டுக்கும் நடுவே அவள் போன பஸ் இந்தப் பாலத்தைக் கடந்தது. ஜன்னலில் ஒரு நிமிடம் காவிரி, இந்தப் படித்துறை, கொஞ்சம் ஓட்டு வீடுகள்.

ஒருநாளும் இறங்கியதில்லை.

போன மாதம் ஓய்வு பெற்றாள். இன்று காலை இறங்கிவிட்டாள்.

அறை கேட்டபோது பெரியண்ணன் நிறைய விசாரித்தார். கல்யாணமா, கோயிலா, சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று. எதுவும் இல்லை, ஆற்றைப் பார்க்க வந்தேன் என்றாள்.

"அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. அதுல பாக்க என்னம்மா இருக்கு?"

வீட்டில் இருப்பவர் நம்பர் ஒன்று வேண்டும் என்றார். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு வீட்டுத் தொலைபேசி எண்ணையே எழுதிக் கொடுத்தாள்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

இப்போது படியேறி அவர் அருகில் போய் நின்றாள். எதற்காகப் பின்னாலேயே வருகிறீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்திருந்தாள்.

அவர் குடையை மடக்கினார்.

அந்த நம்பருக்கு இரண்டு தரம் அடித்ததாகவும் யாரும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். போன கார்த்திகையில் ஒருத்தர் இதேபோல் தனியாக வந்து தங்கினாராம். நல்ல மனுஷராம். மூன்றாம் நாள்தான் கிடைத்தாராம், ரொம்ப தூரம் தள்ளி.

"ஆத்தைப் பாக்க வந்தேன்னுதாம்மா அவரும் சொன்னாரு."

அவள் அதே படியில் உட்கார்ந்தாள்.

அக்கரையில் யாரோ எருமைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி எருமை மட்டும் வர மறுத்தது.

"நான் நெசமாவே ஊர் பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே நிச்சயமானது.

பெரியண்ணன் தலையாட்டினார். எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, காலை மட்டும் நனைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அவரும் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

தண்ணீர் சில்லென்றிருந்தது.

அவளுக்கு ஒரு படி கீழே இறங்கி, ஆற்றின் பக்கமாக நின்றுகொண்டார்.