மூன்றாவது சரணம்

ஏழு இடங்களில் மட்டும் மாற்றிப் பாடினால் போதும் என்றான் அரிகரன். கட்சிப் பெயர் நான்கு இடம், சின்னம் மூன்று இடம்.

தலைவர் முந்தாநாள்தான் கட்சி மாறியிருந்தார். போன தேர்தலில் தெருத் தெருவாக ஒலித்த பாட்டு அது. மெட்டை ஜனங்கள் மறக்கவில்லை. அதனால் பாட்டும் அவரோடு கட்சி மாறியது.

வில்லியனூரில் அரிகரன் ஸ்டுடியோ போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. போன தடவை பாடிய கல்பனாவே பாடட்டும் என்று தலைவர் அவள் நம்பரை அனுப்பியிருந்தார்.

அவள் திருபுவனைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, யூனிபார்மோடு வந்தாள். தலைவர் சொல்லிக் கிடைத்த வேலையாம்.

புதுக் கட்சியின் பெயரைப் பிசிறில்லாமல் பாடினாள். பல்லவியும் இரண்டு சரணங்களும் ஒரே டேக்.

மூன்றாவதில் மாற்ற எதுவுமில்லை. 'நம்ம கொடியைக் காக்க உயிரைக் கொடுத்த இருசப்பன்' என்று வரும். எந்தக் கொடி என்று வராது.

கொடிக்கம்பத் தகராறில் மண்டை உடைந்து செத்த தொண்டன் அவன். அடித்தது எந்தக் கட்சி என்று தொகுதி முழுக்கத் தெரியும். தலைவர் இப்போது சேர்ந்திருப்பது அதில்தான்.

இசை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஓட்டினான். அப்போதும் இல்லை.

"இன்னாக்கா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"அந்தச் சரணம் வேணாம்பா. எடுத்துடு."

அரிகரன் தலைவருக்கு போன் போட்டான். அந்த இடத்தில்தான் தாய்மார்கள் கண் கலங்குகிறார்கள், அது கட்டாயம் இருந்தாக வேண்டும் என்றார் அவர்.

பழைய பதிவிலும் இவள் குரல்தானே. அதிலிருந்து அந்தச் சரணத்தை வெட்டி எடுத்து ஒட்டினான். அந்த இடத்தில் மட்டும் குரல் லேசாக உடைந்திருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டான்.

கல்பனா பையைத் தோளில் மாட்டியபடி முழுப் பாட்டையும் கேட்டாள்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினான். ஐந்தே நிமிடத்தில் தலைவரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. பிரசார ஆட்டோக்கள் நாளைக் காலையே கிளம்பிவிடும்.

அவள் கிளம்பும்போது, அடுத்த வேலைக்கு ஆகுமே என்று போனைக் கையில் எடுத்தான்.

"எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு கல்பனா இருக்காங்கக்கா. உங்க நம்பர இன்னான்னு போடட்டும்?"

அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள்.

"இருசப்பன் சம்சாரம்னு போட்டுக்கோ."